தாய் நாக்கு என்று ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கீழமாசி வீதியில் 38 வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவன். இப்போது கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான், நான் வில்லாபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன், காலையில் உங்கள் பத்திரிகை வந்தால் இணைப்பு வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் குளிக்கவே போவேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத வைத்தது நாக்கு.

பேத்தியைச் சேர்ப்பதற்காகப் பள்ளியில் ஒரு படிவம் வாங்கி வந்தார்கள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், விடுங்கள். மேல்வரி இங்கிலீஷ், கீழ்வரி தமிழ். அதில் ஏழாவது கட்டத்தில் "தாய் நாக்கு" என்று அச்சடித்து, எழுதுவதற்கு இடமும் விட்டிருந்தார்கள். மருமகள் பேனாவும் கையுமாக வந்து, "மாமா, போன மாசம் எனக்கு நாக்குல புண்ணு வந்துச்சே, அதைக் கேக்குறாங்களா?" என்றாள். பிள்ளை சேர்க்கையில் தாயின் நாக்கு எதற்கு என்று எனக்கும் பிடிபடவில்லை. மேல்வரியை எழுத்துக்கூட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: மதர் டங். தாய்மொழி! இங்கிலீஷைக் கம்ப்யூட்டரில் போட்டு, அது துப்பியதை அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள், நடுவில் ஒரே ஒரு ஆள் வாய்விட்டுப் படித்திருந்தால்கூடச் சிரிப்பு வந்து நிறுத்தியிருப்பார்.

சரி, பள்ளியை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது, அதே வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பின் உடல்நலப் பக்கத்தில் பெரிதாக ஒரு நாக்குப் படம் போட்டிருந்தீர்கள். நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று கலர் கலராகப் பாத்தி கட்டி. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதே படம்தான். ஆனால் அது தப்பு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மன்காரர் நாக்கின் எந்தப் பகுதி எந்தச் சுவையைக் கொஞ்சம் குறைந்த அளவிலேயே பிடிக்கிறது என்று அளந்து எழுதினார். அவர் கண்டது சின்னச் சின்ன வித்தியாசம். அதை 1942-இல் அமெரிக்காவில் எட்வின் போரிங் என்ற உளவியல் பேராசிரியர் தம் புத்தகத்தில் வரைபடமாகப் போட்டபோது, சின்ன வித்தியாசம் பெரிய எல்லைக்கோடு மாதிரி ஆகிவிட்டது, பாடப்புத்தகக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் சுவை அரும்புகள் இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். அரும்புகள் நாக்கில் மட்டும் இல்லை, மேலண்ணத்திலும் தொண்டையிலும்கூட இருக்கின்றன.

இதற்கு ஜெர்மனிக்கும் போக வேண்டாம், அமெரிக்காவுக்கும் போக வேண்டாம். ஒரு வேப்பங்கொழுந்தைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்து நசுக்குங்கள், கசக்கிறதா இல்லையா? நான் கடையில் இருந்தவரைக்கும் வெல்லம் வந்து இறங்கினால் ஒரு துணுக்கை நுனிநாக்கில் போட்டுப் பார்க்காமல் எடை போட விட்டதில்லை. சில வெல்லத்தில் இனிப்புக்குப் பின்னாலேயே உப்புக் கரிக்கும், கரும்பு நின்ற மண்ணும் தண்ணீரும் அப்படி. உங்கள் படத்தின்படி பார்த்தால் என் நுனிநாக்குக்கு அந்தக் கரிப்பு தெரிந்திருக்கக் கூடாது, நான் அத்தனை வருஷமும் ஏமாந்த வியாபாரியாக இருந்திருக்க வேண்டும்.

காரம் வேறு கதை. அது சுவையே இல்லை என்கிறது விஞ்ஞானம். ராமநாதபுரம் முண்டு மிளகாயைக் கடித்தால் நாக்கில் எரிவது, கொதிக்கிற காபி பட்டால் எந்த நரம்பு வாசல் திறக்குமோ அதே வாசல்தான், சூடு என்று நினைத்து ஏமாந்து திறந்துகொள்கிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மிளகாயில் எரிய வைக்கிற சத்து தண்ணீரில் கரையாது, அதனால்தான் காரத்துக்குத் தண்ணீர் குடித்தால் நிற்பதில்லை, பாலோ மோரோ குடித்தால் அடங்குகிறது. நம் அறுசுவைக் கணக்கில் கார்ப்பும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். நம் ஆட்கள் சாப்பிட்டவன் வாயைக் கேட்டுக் கணக்கு எழுதினார்கள், நரம்பைப் பிரித்துப் பார்த்து இல்லை. இரண்டும் இரண்டு கணக்கு.

இனி அந்த ஏழாவது கட்டத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் ஆறவில்லை.

இங்கிலீஷில் டங் என்றால் நாக்கும் உண்டு, மொழியும் உண்டு. இந்தியிலும் உருதுவிலும் ஜபான் என்றால் அப்படியே, நாக்கும் அதுதான் மொழியும் அதுதான். எனக்குச் சரக்கு அனுப்பிய வடக்கத்தி ஏஜென்ட் ஒருவர் விலை பேசி முடித்ததும் "ஜபான் கொடுத்துட்டேன் சேட்டு" என்று தமிழும் இந்தியும் கலந்து சொல்வார். நம்மூரில் யாராவது நாக்கைக் கொடுப்பார்களா? வாக்குத்தான் கொடுப்பார்கள்.

தமிழில் நாக்குக்கு அர்த்தம் குறைச்சல் என்று சொல்ல வரவில்லை. கொட்டிக் கிடக்கிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு நாக்குச் செத்துப்போகும், மாடி ஏறினவனுக்கு நாக்குத் தள்ளும், சொன்னது பலித்துவிட்டால் கருநாக்கு, ஆளுக்கு ஒரு பேச்சு பேசினால் ரெட்டை நாக்கு, எதிர்த்துப் பேசுகிற பிள்ளைக்கு நாக்கு நீளம், எதற்கும் உதவாத சாமான் நாக்கு வழிக்கக்கூட ஆகாது. தொண்டைக்கு மேலே தொங்குகிற சதைக்கு உள்நாக்கு என்று பெயர் வைத்திருக்கிறோம், அது நாக்கில் சேர்த்தியே இல்லை. எங்கள் அப்பா தராசின் நடுமுள்ளை நாக்கு என்றுதான் சொல்வார். "நாக்கு நிக்கட்டும்டா, அப்புறம் தட்டுல கை வை" என்பார். அது அவராக வைத்த பெயர் இல்லை, பழைய தமிழிலும் தராசு முள்ளுக்கு நா என்று பேர். மணிக்குள் ஆடுகிற கட்டைக்கும் நாதான். இதே மதுரையில் பாண்டியன் முன்னால் நின்று கண்ணகி பேசும்போது "வாயிற் கடைமணி நடுநா நடுங்க" என்று சோழன் வாசல் மணியைச் சொல்கிறாளே, அந்த நடுநா மணியின் நாக்கு. பட்டிமன்றத்தில் ஒருவர் அந்த வரியைச் சொன்னபோது எனக்கு அப்பாவின் தராசு கண்ணில் வந்து நின்றது.

அப்படியே நா என்ற சின்னச் சொல்லுக்குப் பேச்சு என்ற பொருளும் வரும். நாவன்மை, நாவலர், நாமகள், நாவுக்கரசர். வள்ளுவர் "யாகாவா ராயினும் நாகாக்க" என்றது சொல்லைக் காக்கச் சொன்னது, பல் டாக்டர் சொல்வது மாதிரி இல்லை. ஆனால் நாவுக்கரசரை "நாக்கு ராஜா" என்று சொல்லிப் பாருங்கள், கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதில்லையா. நா பல்லக்கில் போகிற சொல், நாக்கு தெருவில் நடக்கிற சொல். இன்னொன்றும் கவனித்தேன். நாவோ நாக்கோ, தமிழில் அது ஒரு ஆள் பேசுகிற பேச்சுக்குத்தான் நிற்கும், நல்ல பேச்சு, பொய்ப் பேச்சு, நீளப் பேச்சு எதுவானாலும். ஊரே சேர்ந்து பேசுகிற தமிழையோ தெலுங்கையோ ஒரு நாக்கு என்று நாம் சொல்வதில்லை. அதற்கு மொழி என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறோம், மொழிதல் என்றால் சொல்லுதல். கம்ப்யூட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அதற்கு நாக்கு கிடையாது.

அதையே நம்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். விளக்குத்தூண் பக்கம் போய்க் குடிக்கிறோமே ஜிகர்தண்டா, ஜிகர் என்றால் கல்லீரல், நெஞ்சு என்றும் சொல்வார்கள், தண்டா என்றால் குளிர்ச்சி. சொல்லுக்குச் சொல் மாற்றினால் போர்டில் "குளிர்ந்த கல்லீரல்" என்று எழுத வேண்டியதுதான், ஒரு டம்ளர் விற்குமா? இத்தனைக்கும் நாமே பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்கிறவர்கள்தான், ஆனாலும் எதை எங்கே சொல்வது என்று நமக்குத் தெரியும்.

இதில் சிரிக்க முடியாத ஒரு சங்கதியும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல்படி தாண்டினால் என்னைவிட நல்ல மதுரைத் தமிழ். அவர்கள் பேரனுக்கும் அதே பள்ளியில்தான் படிவம் வாங்கினார்கள். அந்தக் கட்டத்தில் தமிழ் என்று போடுவதா சௌராஷ்டிரம் என்று போடுவதா என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் அந்த வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித்தான் எழுதுவார்கள். நாலு பேர் யோசித்து எழுதுகிற அந்த ஒரு கட்டத்துக்கு இப்படி ஒரு தலைப்பு.

உங்களிடம் இரண்டே வேண்டுகோள். அடுத்த ஞாயிறு அந்த நாக்குப் படம் தப்பு என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், பிள்ளைகள் அதை வெட்டி நோட்டில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம், இந்த ஊரில் படிவம் அச்சடிக்கிறவர்கள் எல்லாரும் உங்கள் பத்திரிகை வாங்குகிறவர்கள்தான், முதல் பிரதியை யாராவது ஒரு பாட்டியிடம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

படிவத்தை என்ன செய்தோம் என்று கேட்டால், நான் நாக்கை மட்டும் நீலப் பேனாவால் அடித்துவிட்டு மேலே மொழி என்று திருத்தி, பக்கத்தில் தமிழ் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய அம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அடித்தல் திருத்தல் இருந்தா எடுத்துக்க மாட்டாங்க, ஐயா" என்று சொல்லி ஒரு புதுப் படிவம் கொடுத்தார். அதிலும் ஏழாவது கட்டம் அப்படியேதான் இருந்தது.

இப்படிக்கு,
பழைய மளிகைக் கடைக்காரர்,
வில்லாபுரம், மதுரை.