மூணாம் நம்பர்

மக்கா, நல்லாருக்கியா. ஞாயித்துக்கெழம ரெண்டு நிமிஷம் பேசிட்டு மீட்டிங்னு வச்சிட்ட, ஞாயித்துக்கெழம என்ன மீட்டிங்குன்னு ஒங்கம்மை கேட்டா, ஆபீஸ்னா அப்படித்தான்னு சொல்லி வச்சேன். நேரத்துக்கு சாப்பிடு.

கன்னடியன் காவாய்ல கார் நெல்லுக்கு தண்ணி விட்டாச்சு, மேலவயல்ல நாத்து பாவணும்.

பொங்கலுக்கு வந்தப்ப ஒன் பழைய லேப்டாப்ல வேலைய லிஸ்ட் போட டூடூ டெக்ஸ்ட்ட போட்டுக் குடுத்தேல்லா, கருப்பு ஸ்கிரீன்ல டைப் அடிக்கது, அத இப்பம் நல்லாவே ஓட்டுதேன். ஆட் போட்டு எழுதுனா ஒரு வேலைக்கு ஒரு வரி, எல்எஸ் போட்டா மொத்த லிஸ்ட்டும். தமிழ்ல அடிச்சா கொம்பு ஒரு பக்கம் காலு ஒரு பக்கம்னு நிக்கு, அதனால இங்கிலீஷ் எழுத்துலயே அடிக்கேன். பஸ் ஏறுததுக்கு முன்னால எல்எஸ் @அம்பைன்னு போட்டா அங்கன உள்ள சோலி மட்டும் வருது, ஆச்சிக்கு சொட்டு மருந்து, மோட்டாருக்கு காயில், உரம். துண்டுச்சீட்ட சட்டையோட தொவைக்கப் போட்டு ஒங்கம்மைட்ட ஏச்சு வாங்குதது நின்னுட்டு. நம்ம தெருவுல எவன் மவன் அப்பனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கான்! டீக்கடையில சொன்னேன், ஒருத்தனுக்கும் வெளங்கல.

ஆனா லிஸ்ட்டுல வரி நம்பர் மாறும்னு சொல்லிக் குடுக்க வேண்டாமாடே? ஒண்ணாவது மேலவயல் பட்டா, ரெண்டாவது வீட்டுத் தீர்வை, ரெண்டும் போன வாரம் முடிஞ்சிட்டு. முடிஞ்சிட்டுன்னு டூ 1 போட்டேன். அது அந்த வரிய முடிஞ்ச சோலி கெடக்க டன் டெக்ஸ்ட்டுக்குள்ள தள்ளிட்டு மிச்சத்த மேல ஏத்திட்டு, நான் தெரியாம டூ 2 போட்டேன். போனது தீர்வை இல்ல, மூணாவதா கெடந்த ஒன் வரி.

அத நான் பாக்காம இல்ல. முக்கியம்னு ஏ போட்டிருக்கதால, நம்பர் மூணுன்னாலும் லிஸ்ட்டுல தெனம் தலைமேல நிக்கும், ஜனவரி 16 தேதியோட, 'அப்பாட்ட சொல்லணும்'னு. மறந்து விட்டுட்டுப் போனியா, நான் பாக்கட்டும்னு விட்டியா தெரியல. என்னன்னு நான் கேக்கல, இப்பமும் கேக்கல. நேரத்துக்கு சாப்பிடு, ராத்திரி முழிக்காத.

மூணாவது செமஸ்டர்ல நீ வந்து சொன்னப்ப நான் போட்ட சத்தத்துக்கு நாலு வீடு எட்டிப் பாத்துச்சு. அதுக்கப்புறம் நீ எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல, கேட்டா சரியா இருக்கேம்ப. நானும் அப்படித்தான் இருந்தேன். கீழவயல் விஷயத்த தாத்தாட்ட கடைசி வரைக்கும் சொல்லல. படுக்கையில கெடக்கும்போது கூட கீழவயல்ல நட்டாச்சாடேன்னு கேட்டாவ, ஆச்சுப்பான்னேன், எவனோ நட்டிருந்தான். வரப்பு வெட்டுனியா, தண்ணி நிக்கான்னு அடுத்தடுத்து கேட்டாவ, எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னேன். அவியளுக்கு தெரிஞ்சிருந்துச்சோன்னு இப்பம் தோணுது.

டன் டெக்ஸ்ட்ட தொறந்து ஒன் வரிய வெட்டி எடுத்து திரும்ப ஒட்டிட்டேன். முன்னால விழுந்த எக்ஸ அழிச்சேன், டூ போட்டதுல ஏ-யும் போயிருந்துச்சு, அதயும் போட்டாச்சு. ஜனவரி தேதிய மாத்தல.

மோர் மிளகா காயுது, அடுத்த வாரம் பார்சல் போடுதேன், அட்ரஸ் பழைய அட்ரஸ்தானே?

அப்பா