பார்க்க ஆள் வேண்டியதில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்று எழுதியிருந்தாய், அது போதும். எனக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. வெள்ளை இத்தனை வெள்ளையாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

கண் தெளிந்ததும் முதலில் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு அதுவே பதிலும்கூட. குவாண்டம் உலகில் ஒரு துகள் ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருக்கிறது, நாம் பார்ப்பதால்தான் அது ஒரு முடிவுக்கு வருகிறது, மனம் என்று ஒன்று இல்லாவிட்டால் எல்லாம் அந்தரத்தில்தான் தொங்கும் என்று எழுதியிருந்தாய். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு லேசர் சுட்டியும் மெல்லிய செம்புக் கம்பியும் எடுத்துக்கொண்டேன். இருட்டில் கம்பி மேல் லேசரைப் பாய்ச்சினால், இடப்பக்கம் போன ஒளியும் வலப்பக்கம் போன ஒளியும் சுவரில் சேர்ந்து நெருக்கமான பட்டைகளாக விழுகின்றன. கல்லூரி ஆய்வகத்தில், சோடியம் விளக்கடியில் வில்லைக்குக் கீழே தெரியும் ஒளி வளையங்களை (நியூட்டன் வளையங்கள்) நீ எண்ணிச் சொல்ல, நான் அளவுகளைக் குறித்துக்கொண்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. பிறகு ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டுத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திருப்பிக் கம்பியின் இரு பக்கமும் ஒட்டினேன். இப்போது இடப்பக்கம் போகும் ஒளிக்கு ஓர் அடையாளம், வலப்பக்க ஒளிக்கு வேறோர் அடையாளம். அவ்வளவுதான், பட்டைகள் போய்விட்டன. சுவரில் வெறும் சிவப்புத் திட்டு. ஒளி எந்தப் பக்கமாக வந்தது என்று நான் சோதிக்கவே இல்லை. சோதித்தால் தெரிந்துவிடும் என்ற நிலையே போதுமானதாக இருந்தது. மூன்றாவது துண்டை 45 பாகை சாய்த்துச் சுவருக்கு முன்னால் பிடித்தேன். அடையாளம் அழிந்தது, பட்டைகள் திரும்பி வந்தன. கையை எடுத்தால் மறைந்தன. அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன்.

ஒளியை வெறும் அலையாக எடுத்துக்கொண்டே இதை விளக்கிவிடலாமே என்பாய். விளக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒளித்துகள், அதாவது ஃபோட்டான், போகும் அளவுக்கு ஒளியைக் குறைத்தாலும் இதேதான் நடக்கும். அங்கேதான் குவாண்டம் வந்து நிற்கிறது.

இந்தச் சோதனையில் அடையாளத்தை ஒட்டியவன் நான். இயற்கையில் அந்த வேலையைச் சுற்றுப்புறமே செய்துவிடுகிறது. வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை நுண்ணிய பிளவுகள் வழியே அனுப்பி, என் சுவரில் விழுந்தது போன்ற குறுக்கீட்டுப் பட்டைகளைக் கண்டார்கள். பின்பு 70 கார்பன் அணு மூலக்கூறுகளை வைத்து, வெற்றிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டார்கள். அழுத்தம் ஏற ஏறப் பட்டைகள் மங்கின. வந்து மோதிய ஒவ்வொரு வாயு மூலக்கூறும் ‘இது இந்த வழியே போனது’ என்ற சேதியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. என் மனதை இன்னும் அதிகம் தொட்டது 2004இல் அவர்கள் வெளியிட்ட சோதனை. அதில் வெளியிலிருந்து எதுவும் வந்து மோதவில்லை. மூலக்கூறையே லேசரால் சூடாக்கினார்கள். சுமார் 3000 கெல்வின் வரும்போது பட்டைகள் முற்றிலும் காணாமல் போயின. சூடான மூலக்கூறு தானே ஒளியை உமிழ்ந்து, தான் இருந்த இடத்தைத் தானே சொல்லிவிட்டது. அந்த ஒளியை யாரும் பிடித்துப் படிக்கவில்லை. இதில் மனதுக்கு என்ன வேலை, சொல்?

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஆய்வக மேசையை யாராவது இடித்தால் வளையங்கள் கலங்குமே, அது வேறு. அங்கே பட்டை அந்தந்த நொடியில் இருக்கத்தான் செய்கிறது, ஆடுவதால் நம் கண்ணுக்குக் கலந்து தெரிகிறது. அப்படிக் கலைந்ததைச் சில நேரம் மீட்கவும் முடியும். 1950இல் இயற்பியலர் ஹான் கண்டுபிடித்த ‘ஸ்பின் எதிரொலி’ செய்வது அதைத்தான்: தாளம் தப்பிப்போன அணுக்கருச் சுழற்சிகளை அது மறுபடி ஒன்றுசேர்க்கிறது. சுற்றுப்புறத்தோடு பின்னிக்கொள்வது இப்படிப்பட்டதல்ல. ஓரியல்பு, அதாவது இரண்டு வழிகளும் சேர்ந்து பட்டைகளைத் தரும் அந்த ஒத்திசைவு, அழிந்துபோவதில்லை. பொருளும் காற்றும் ஒளியும் சேர்ந்த முழுத் தொகுதியில் அது அப்படியே இருக்கிறது, பொருளை மட்டும் தனியே பார்ப்பவருக்குத்தான் கிடைப்பதில்லை. எனக்கு மூன்றாவது போலராய்டுத் துண்டு ஒன்றே போதுமாக இருந்தது. அந்த மூலக்கூறுக்கு அதையே செய்ய, உமிழ்ந்து போன ஒளி முழுவதையும் துரத்திப் பிடிக்க வேண்டும்.

சுற்றுப்புறத்தில் ஓரியல்பு இப்படிக் கரைவதை (ஆங்கிலத்தில் decoherence) முதலில் தெளிவாகச் சொன்னவர் ஜெர்மனியில் ஹைடல்பர்க்கின் இயற்பியலர் டீட்டர் ட்ஸே, 1970இல். நாம் படித்த பாடத்தில் அவர் பெயரே வரவில்லை, அது எனக்கு வருத்தம்தான். 1985இல் அவரும் இயற்பியலர் யோஸும் போட்ட கணக்கைப் பார். 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு தூசு, தன் அகலமளவு விலகிய இரண்டு இடங்களில் ஒருசேர இருக்கிறது என்று வைத்துக்கொள். காற்றே இல்லாத வெளியில்கூட, பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சு மட்டுமே ஏறக்குறைய ஒரு விநாடியில் அதன் ஓரியல்பைக் கரைத்துவிடும். காற்று இருந்தால் கண்ணிமைக்கும் நேரமெல்லாம் பல யுகம். பொருள் பெரிதாகி, இரண்டு நிலைகளும் விலக விலக வேகம் கூடுகிறது. பாரிஸில் இயற்பியலர் அரோஷின் குழு 1996இல், கண்ணாடிகளுக்கு இடையே சிறைப்பட்ட சில ஃபோட்டான்களை வைத்து இந்தக் கரைதல் படிப்படியாக நடப்பதையே அளந்து காட்டியது. குவாண்டம் கணினி கட்டுபவர்களில் பலர் அதைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு (சுமார் −273 பாகை செல்சியஸ்) நூறில் ஒரு பங்கு கெல்வின் பக்கம்வரை குளிர்விப்பதும் இந்தக் கசிவுக்குப் பயந்துதான்.

ஆனால் உன் கேள்வியில் ஒரு பாதி இன்னும் நிற்கிறது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு நிலைகளும் ஏன் ஒன்றோடொன்று குறுக்கிடுவதில்லை என்பது இதனால் விளங்குகிறது. அவற்றில் ஏன் ஒன்று மட்டும் நம் கைக்கு வருகிறது என்பது விளங்கவில்லை. அது தனிக் கேள்வி. ட்ஸே அதற்கு எவரெட்டின் பல கிளைகள் பக்கம் போனார், அதாவது ஒவ்வொரு முடிவும் உலகின் ஒவ்வொரு கிளையில் நடக்கிறது என்ற கருத்தின் பக்கம். எனக்கு அவ்வளவு தூரம் போக இன்னும் மனம் துணியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது.

இந்த உறைக்குள் மூன்று போலராய்டுத் துண்டுகள் வைத்திருக்கிறேன், ஓரத்தில் அம்புக்குறி போட்டு. முதல் இரண்டின் அம்புகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும். லேசரையும் அதன் அச்சிலேயே மெல்லத் திருப்பிப் பார், இரண்டு பக்கமும் ஒளி சமமாக வர வேண்டும். பேத்தி தூங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டுச் செய்.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகக் கூட்டாளி