செல்வி, திட்டாம படி

ஏய் செல்வி,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு இப்பதான் பதில் போடுறேன், திட்டிக்கோ. அத்தைக்கு முட்டி வலி பரவாயில்லையா? மத்ததெல்லாம் போன்ல பேசலாம், இது எழுதுனாதான் எனக்கு அடங்கும்.

போன வாரம் எங்களுக்கு ஒரு ட்ரெய்னிங். குண்டுவெடிப்பு, துப்பாக்கிச் சூடுன்னா ஆபத்து முழுசா தீராத இடத்துல அடிபட்டவங்கள எப்படிப் பாக்கறதுன்னு. டூர்னிக்கெட், அதான் ரத்தம் நிக்க கை கால்ல இறுக்கிக் கட்டுற பட்டை, அதைச் சொல்லி நம்ம மூக்குத்தி மேடம் "கட்டுனா கால் போச்சுடி"ன்னு மிரட்டுவாங்களே, இப்ப கதையே தலைகீழ். ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டைக்கு அப்புறம் கை கால்ல ரத்தம் பீறிட்டா முதல்லயே கட்டுங்கறாங்க. என் தொடையில மாட்டி, பட்டையை இறுக்க அதுல இருக்கற குச்சியைத் திருகுனாங்க பாரு, அம்மான்னு கத்திட்டேன். வலிக்குதுன்னு லூஸ் பண்ணக் கூடாதாம், ரத்தம் நிக்கிற வரைக்கும் திருகணும், கட்டுன நேரத்தை அதுலயே எழுதணும்.

அதுக்கப்புறம் இங்கிலாந்துல மான்செஸ்டர் அரீனாங்கற அரங்குல குண்டு வெடிச்ச கேஸ எடுத்தாங்க. 2017 மே 22, கச்சேரி முடிஞ்சு கூட்டம் வெளிய வர்ற நேரம், 22 பேர் செத்தாங்க. குண்டு வச்சவன் அங்கயே செத்துட்டான், ஆனா இன்னொருத்தன் துப்பாக்கியோட இருப்பானோன்னு பயம். முதல் 40 நிமிஷத்துல குண்டு வெடிச்ச அந்த ஹாலுக்குள்ள இருந்தது ஒரே ஒரு பாராமெடிக்டி! ஃபயர் சர்வீஸ் வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல. ஸ்ட்ரெச்சர் இல்லாம தடுப்புக் கம்பியிலயும் விளம்பரப் பலகையிலயும் வச்சுத் தூக்கிருக்காங்க. கால்ல ரத்தம் போயிட்டிருந்த ஒருத்தருக்கு, பக்கத்துல இருந்தவர் தன் மனைவியோட பெல்ட்டை வாங்கிக் கட்டுனாராம். அந்த அடிபட்டவர சீக்கிரம் ஒழுங்கா பாத்திருந்தா பொழைச்சிருப்பார்னு விசாரணை அறிக்கையிலயே இருக்கு. எனக்குச் சோறு இறங்கல.

எல்லாரும் கோழைன்னு சொல்லல. உள்ள போனவங்க உயிரைக் குடுத்து வேலை பாத்திருக்காங்க. ஆயுதத்தோட ஆள் இருக்கலாம்னு போலீஸ்ல முடிவெடுத்தவர் அதை ஆம்புலன்ஸ்காரங்களுக்கும் ஃபயருக்கும் சொல்லவே இல்ல, அந்த ஒரே ஆளு தலையில அத்தனை வேலையையும் கட்டி வச்சிருந்தாங்க. அமெரிக்காவுல 1999ல கொலம்பைன் ஸ்கூல்ல நடந்த துப்பாக்கிச் சூட்டுல ஒரு வாத்தியார் மணிக்கணக்கா ரத்தம் கொட்டிச் செத்தார், அதெல்லாம் பாத்துதான் அங்க போலீஸ் காவலோட மெடிக்கலும் உள்ள போற டீம் வச்சாங்க. அவ்ளோ முன்னாடியே தெரிஞ்ச விஷயம் மான்செஸ்டர்ல 2017ல ஏன் நடக்கல? கிளாஸ்ல கேட்டேன், சார் ஸ்லைடைத் தள்ளிட்டார்.

ராத்திரி எல்லாம் யோசிச்சேன், என்னைய உள்ள போன்னா போவனா? நீ போயிருவ, உனக்குப் பயமே கிடையாது, ஹாஸ்டல் பல்லியைத் தவிர.

உன் வீட்டுக்காரர் 108லதான இருக்கார். அவங்க வண்டியில டூர்னிக்கெட் இருக்கா, இந்த மாதிரி இடத்துல உள்ள போ, நில்லுன்னு யார் சொல்லணும்னு முடிவு பண்ணி வச்சிருக்காங்களான்னு கேட்டு எழுது. வாய்ஸ் நோட் வேணாம்டி, உன் குரலை விட குக்கர் விசில்தான் நல்லா கேக்குது.

உன்,
கலா