திண்டு உறையைப் பிரித்து அனுப்புகிறேன்

பத்தமடை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. பிசான நெல் நடவு தொடங்கிவிட்டது. ஆச்சிக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. குரூப் 4 தேர்வுக்குத் தமிழும் பொது அறிவும் படித்துவிடுவேன், அந்த 25 கணக்குக் கேள்விகளுக்குள் புறப்பரப்பு வந்துவிட்டால் கை நடுங்குகிறது என்றாய். எனக்குப் போனில் சொல்லத் தெரியவில்லை. உன் மதினியின் தம்பியிடம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி, நான்கு நாட்களாக அளவியல் பாடத்தோடு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் அல்லவா, முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. இரண்டாம் நாள் உருளையின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இது நம் திண்டு அல்லவா என்று தோன்றியது.

மணமேடைக்குத் தைத்துக் கொடுப்போமே, அந்தப் பெரிய திண்டுதான். அதற்கு நான் வெட்டுவது மூன்று துண்டு. சுற்றிவர ஒரு நீளத் துண்டு, இரண்டு முனைகளையும் மூட இரண்டு வட்டம். வட்டத்தின் ஆரம் 7 அங்குலம், திண்டின் நீளம் 30 அங்குலம் என்று வைத்துக்கொள். நீளத் துண்டு வட்டத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். ஆகவே அதன் ஒரு பக்கம் வட்டத்தின் சுற்றளவு, 2 × 22/7 × 7 = 44. மறுபக்கம் 30. பெருக்கினால் 1320 சதுர அங்குலம். இதைத்தான் புத்தகத்தில் வளைபரப்பு என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வட்டம் 22/7 × 7 × 7 = 154, இரண்டும் 308. எல்லாம் சேர்ந்து 1628. அதுதான் மொத்தப் புறப்பரப்பு.

சூத்திரத்தை 2 × பை (22/7) × ஆரம் × (உயரம் + ஆரம்) என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் உயரத்தோடு, அதாவது நம் திண்டின் நீளத்தோடு, ஆரத்தைக் கூட்டியிருக்கிறார்கள் அல்லவா? நீளத்தோடு போய் ஆரத்தை ஏன் கூட்ட வேண்டும் என்று எனக்கு இரவெல்லாம் அதே நினைப்பு. காலையில் பிடிபட்டது. இரண்டு வட்டங்களுக்கும் ஆகும் துணி, 44 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ள ஒரு துண்டுக்குச் சமம், அதுவும் 308தான். அதை முதல் துண்டோடு ஒட்டுப் போட்டால் அகலம் 30 போய் 37 ஆகிறது. 44 × 37 = 1628. உன் ஆச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ பத்தாம் வகுப்பு படித்தபோது இதே பாடத்தை வைத்துக்கொண்டு தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மா, இது எனக்கு ஏறவில்லை’ என்று சொன்னாய். ‘எனக்கு என்ன தெரியும், டியூஷனில் கேள்’ என்று சொல்லிவிட்டேன். அப்போது என் மடியில் கிடந்தது வெல்வெட் திண்டு உறை. கையில் வைத்துக்கொண்டே தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். என் தொழிலில் படிப்பு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. அது என்னை இந்த நான்கு நாட்களாக உறுத்துகிறது.

பெட்டி வடிவம் உனக்குச் சுலபமாக வரும். பழைய டிவிக்கு உறை தைத்தோமே, நினைவிருக்கிறதா? நீளம் 20, அகலம் 18, உயரம் 16 அங்குலம். நான்கு பக்கமும் சுற்றிவர 76. உயரத்தால் பெருக்கினால் 1216. மேல்மூடி 360. கீழே திறந்திருப்பதால் 1576 போதும். ஆறு முகங்களையும் கூட்டியிருந்தால் 1936 என்று வந்து துணி வீணாகியிருக்கும். கேள்வியில் மூடி உண்டா, நான்கு சுவர்களுக்கு மட்டும் வண்ணம் பூசச் சொல்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேனாவை எடு.

கூம்பில்தான் நானே ஏமாந்திருக்கிறேன். உன் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கோமாளித் தொப்பி 12 தைக்கச் சொன்னார்கள். தலைச் சுற்றளவு 22 அங்குலம், அதாவது ஆரம் மூன்றரை. தொப்பி 10 அங்குல உயரம் நிற்க வேண்டும் என்றார்கள். அட்டையை 10 அங்குல ஆரத்திலேயே வெட்டிச் சுருட்டினேன். நிறுத்திப் பார்த்தால் அரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தது. உச்சியிலிருந்து நேராக இறங்குவது உயரம், சரிவில் இறங்குவது சாயுயரம். அட்டை போவது சரிவில். பிறகு பத்தரை அங்குலத்தில் வட்டம் போட்டேன். அதன் சுற்றளவு 66. ஒரு தலைக்கு 22. ஒரு வட்டத்தில் சேதாரமே இல்லாமல் மூன்று தொப்பி! நான்கு வட்டத்தில் 12-ம் முடிந்தது. ஒரு தொப்பியின் வளைபரப்பு, பை × ஆரம் × சாயுயரம், 22/7 × 3.5 × 10.5 = 115.5 சதுர அங்குலம். முழு வட்டத்தின் பரப்பு 346.5, அதை மூன்றால் வகுத்துப் பார், அதுவே வரும். கேள்வியில் உயரத்தை மட்டும் கொடுத்திருந்தால், உயரத்தின் வர்க்கத்தையும் ஆரத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்துச் சாயுயரத்தைக் கண்டுபிடித்துக்கொள்.

கோளம் மட்டும் துணிக்கு அடங்காது. பந்தின் மேல் துணியைப் போர்த்தினால் எங்காவது சுருக்கம் விழும், விரித்து வெட்ட வழியே இல்லை. அதனால் உன் அண்ணன் மகனிடம் கேட்டு ரப்பர் பந்து ஒன்றைப் பாதியாக அறுத்தேன். வளைந்த பக்கத்தில் தடித்த நூலை இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றி, அந்த நூலைப் பிரித்து, பந்தின் வாய் அளவுக்கு அட்டையில் வட்டம் வரைந்து அதில் சுருளாக ஒட்டினேன். ஒரு வட்டம் நிறைந்தது. மீதி நூலில் இன்னொரு வட்டமும் ஏறக்குறைய நிறைந்தது. அரைப் பந்துக்கு இரண்டு வட்டம், முழுப் பந்துக்கு நான்கு. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் என்ற கணித அறிஞர் இதையே, பந்தைச் சுற்றிய வலை போல என்று எழுதியிருக்கிறாராம். கருப்பட்டியை நினைத்துக்கொள்: சிரட்டையில் ஊற்றிய அடிப்பக்கம் இரண்டு வட்டம், தட்டையான மேல்பக்கம் ஒரு வட்டம். திண்ம அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு மூன்று வட்டம்.

நம் பழைய திண்டு உறையின் தையலைப் பிரித்து, மூன்று துண்டுகளையும் தேய்த்து மடித்து வைத்திருக்கிறேன். தையலுக்கு விட்ட அரை அங்குலத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்; அளக்கும்போது அதை விட்டுவிடு. ஒரு தொப்பி அட்டை, அரைப் பந்து, நூல் கண்டு, ஒரு கிலோ கருப்பட்டி எல்லாம் நாளைக்குப் பார்சலில் வரும். அரைப் பந்தைப் பேரன் கண்ணில் படாமல் வை. நீ நூலைச் சுற்றிப் பார்த்த பிறகு அவனிடம் கொடு.

அன்புடன்,
அம்மா