லூபஸ் குறிகாட்டிகளைத் தேடும் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

மரபணுக்களின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ மூலக்கூறுகளை இரத்தத்தில் அளந்து, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோயைக் கண்டறிய முயன்றுவரும் உங்களுக்கு, அந்நோயுடன் வாழும் ஒருத்தியாக இம்மடலை எழுதுகிறேன். மூட்டுவலியும் தீராத சோர்வுமாக நான் அலைந்த மூன்று ஆண்டுகளில் என்னிடம் இருந்த ஒரே துப்பு, ஏஎன்ஏ (சொந்த உயிரணுக்களின் கருவையே எதிர்க்கும் எதிர்ப்புரதங்கள்) பரிசோதனையில் வந்த 'பாசிட்டிவ்' முடிவு. லூபஸ் உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் காணப்படும் அது, நலமாக இருப்பவர்கள் சிலரிடமும் காணப்படுவதால், அதை மட்டும் வைத்து எந்த மருத்துவராலும் உறுதி கூற முடியவில்லை. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய, அமெரிக்க வகைப்பாட்டு விதிகளும் குறைந்தது 1:80 அளவிலான (இரத்தநீரை 80 மடங்கு நீர்த்தாலும் தென்படும்) ஏஎன்ஏவை, மேற்கொண்டு பிற அறிகுறிகளைக் கணக்கிடுவதற்கான நுழைவாயிலாக மட்டுமே கொள்கின்றன.

லூபஸ் நோயாளிகள் பலரின் இரத்த அணுக்களில், வைரஸ்களை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் மிகுதியாகச் செயல்படுவதை 2003இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்என்ஏக்களுள் ஒன்றான மைக்ரோ ஆர்என்ஏ 146ஏ அவர்களிடம் குறைந்திருப்பதும் பின்னர் தெரியவந்தது. இவை அரிய கண்டுபிடிப்புகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நோய் உறுதியானவர்களை முழு நலமுள்ளவர்களோடு ஒப்பிட்டு, "பிரித்தறிந்துவிட்டோம்" என்று முடிக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் சோர்கிறது. நலமுள்ளவரை நோயாளியிடமிருந்து பிரிப்பதல்ல மருத்துவரின் சிக்கல்; எதிரே அமர்ந்திருப்பவருக்கு இருப்பது லூபஸா, கண்ணையும் வாயையும் உலரவைக்கும் ஷோகிரன் நோயா, தசையழற்சியா, வைரஸ் காய்ச்சலா என்பதே சிக்கல். இன்டர்ஃபெரான் மரபணுக்கள் இவை எல்லாவற்றிலும் ஓங்கக்கூடும். லூபஸ் உள்ள பெரியவர்கள் சிலரிடமோ அவை ஓங்குவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வில் சேர்க்கப்படுபவர்கள் ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொள்பவர்களாக இருந்தால், அளவிடப்படும் மாற்றத்தில் எது நோயால் வந்தது, எது மருந்தால் வந்தது? ஸ்டீராய்டு நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது, லூபஸ் லிம்போசைட் எனும் வேறு வகை வெள்ளையணுக்களைக் குறைக்கிறது. ஆகவே முழு இரத்தத்தின் ஆர்என்ஏ அளவு மாறியிருப்பது அணுக்களின் விகிதம் மாறியதன் நிழலாகவும் இருக்கலாம். (மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே சில மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவு கூடிவிடும் என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.)

எனவே, ஐயத்தின் பேரில் முதன்முறையாக வாதநோய் மருத்துவரிடம் அனுப்பப்படுபவர்களை, மருந்து தொடங்கும் முன்பே ஆய்வில் சேருங்கள். இறுதியில் யாருக்கு என்ன நோய் என்று தெரியும்வரை அவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடருங்கள். எந்த அளவுக்கு மேல் லூபஸ் எனக் கொள்வது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, வேறொரு ஆய்வகத்தில் அதைச் சோதியுங்கள். முடிவு பொய்த்தாலும் வெளியிடுங்கள். இத்தகைய ஆய்வுக்குக் காலமும் செலவும் கூடும் என்பதை உணர்ந்தே கேட்கிறேன். பெயர் தெரியாத நோயோடு காத்திருந்த அந்நாட்களில் யாரேனும் கேட்டிருந்தால், என் இரத்தத்தை மனமுவந்து கொடுத்திருப்பேன்.

இப்படிக்கு,
லூபஸுடன் வாழும் ஒருத்தி