மாணவர் படைக்கு முதலில் படகுச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் என்.சி.சி. மாணவர்களுக்காக நீங்கள் வெளியிட்டிருந்த கடற்படைச் சொற்களைப் படித்தேன். தரைக்கு டெக், கழிப்பறைக்கு ஹெட்ஸ், நேரம் தவறி வருகிறவன் அட்ரிஃப்ட், பாராட்டுக்குப் பிராவோ ஜூலு. கரையில் உள்ள தளத்தின் வாசலைத் தாண்டுவதைக்கூட நாங்கள் 'அஷோர் போகிறேன்' என்றுதான் சொல்வோம். அதையும் விடாமல் சேர்த்திருந்தீர்கள். சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான், மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் இவை தெரியாத பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிற சொற்களைப் போகிற போக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

'போர்ட் என்றால் இடது, ஸ்டார்போர்ட் என்றால் வலது' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். இதை மனப்பாடம் செய்த பையன் துடுப்புப் படகில் ஏறியதும் தடுமாறுவான். துடுப்பு வலிப்பவர்கள் முதுகை முன்பக்கம் காட்டி, படகின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காருவார்கள். சுக்கான் பிடிப்பவர் முன்னே பார்த்து இருப்பார். அவருடைய இடது கை வலிப்பவனுக்கு வலது கை. அதனால்தான் இடம் வலம் என்று சொல்லாமல், யார் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் மாறாத ஒரு பக்கப் பெயரைப் படகுக்கே வைத்தார்கள். படகின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் போர்ட், இரவில் அங்கே சிவப்பு விளக்கு. வலப்பக்கம் ஸ்டார்போர்ட், பச்சை விளக்கு. முன்பெல்லாம் இடப்பக்கத்துக்கு லார்போர்ட் என்றுதான் பெயர். காற்றிலும் இரைச்சலிலும் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுந்ததால், 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதைக் கைவிட்டு போர்ட் என்பதை முறையாக்கியது.

ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டால் 'மேன் ஓவர்போர்ட்' என்று கத்தினால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துக் கத்த வேண்டும். விழுந்தவன் இருக்கும் பக்கமே கப்பலைத் திருப்பினால், பின்பகுதி அவனைவிட்டு விலகிப் போகும். அங்கே தண்ணீருக்கடியில் சுழன்று கப்பலை ஓட்டும் விசிறி அவன்மேல் படாது. இதை விளக்கிச் சொன்ன பிறகு எந்தப் பிள்ளையும் போர்ட்டையும் ஸ்டார்போர்ட்டையும் குழப்பிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் உச்சரிப்பு. படகை நடத்திச் செல்பவரின் பெயரை எழுத்தைப் பார்த்து 'காக்ஸ்வைன்' என்று அச்சிட்டிருந்தீர்கள். படகில் 'காக்ஸன்' என்பார்கள். கப்பலின் மேல்தள வேலைகளைக் கவனிக்கும் 'போட்ஸ்வைன்' வாயில் 'போசன்' ஆகிவிடும். சான்றிதழ்த் தேர்வில் சரியாக எழுதும் மாணவி, முகாமில் அதே சொல்லைக் காதால் கேட்டு விழிக்கிறாள். கட்டளைகளும் அப்படித்தான். 'ஹோல்ட் வாட்டர்' என்றால் துடுப்பின் அலகைத் தண்ணீரில் அசையாமல் ஊன்றிப் படகை நிறுத்துவது. 'ஓர்ஸ்' என்றால் வலிப்பதை நிறுத்தித் துடுப்பைத் தண்ணீருக்கு மேலே மட்டமாகப் பிடிப்பது. கட்டளை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், நாளைக்குக் கொச்சியிலோ விசாகப்பட்டினத்திலோ அதுதான் உதவும். விளக்கம் மட்டும் நம் தமிழில், செய்து காட்டிச் சொல்லப்பட வேண்டும்.

வயர்லெஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'ரோஜர்' என்றால் நீ சொன்னது வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள். அதன்படி செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'. 'ஓவர்' என்றால் பதில் சொல், 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது சினிமாவில் மட்டுந்தான். கடலில் ஆபத்து என்றால் வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸின் 16ஆம் சேனலில் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று கோர்வையாகச் சொல்ல வேண்டும். கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. நம் கரையில் பிறந்த பிள்ளைக்கு இது வீட்டுக்கும் பயன்படும். செய்தி போய்ச்சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மூர்க் கடலே சாட்சி. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பல்கள் மோதிக்கொண்டபோது, ஐரோப்பாவில் சமாதானத்துக்கு முதற்கட்டக் கையெழுத்தாகி மாதங்கள் கடந்திருந்தன. அந்தத் தகவல் இங்கே வந்து சேரவில்லை. அதற்குள் பல உயிர்கள் போய்விட்டன.

இன்னொன்று. புதுச்சேரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவு இருக்கிறது. அதன் மாணவர்கள் பாய்மரப் படகில் காரைக்கால் வரை போய் வந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் மீனவ வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். படகின் முன்பக்கமான அணியம் எது, கச்சான் எந்தப் பக்கத்துக் காற்று, ஆழத்தைப் பாகத்தில், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தில், எப்படி அளப்பது என்று அப்பாவோடு கடலுக்குப் போய்த் தெரிந்துகொண்டவர்கள். வகுப்பில் 'ஃபேதம் என்றால் ஆறு அடி' என்று எழுதிப் போடும்போது, 'உங்க வீட்டில் இதை எப்படிச் சொல்வீங்க?' என்று அவர்களைக் கேட்டால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தப் பிள்ளைகள் பின்வரிசையில் ஒடுங்குவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தொடரின் அடுத்த பகுதியில் படகுக் கட்டளைகள், ஆபத்துக்கால அழைப்பு, சொல்லும் விதம் மூன்றையும் படத்தோடு வெளியிட வேண்டுகிறேன். தேவனாம்பட்டினத்திலோ சோனங்குப்பத்திலோ அனுபவமுள்ள மீனவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் நல்லது. சரிபார்த்துத் தர நானும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை வீரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.