பாட்டியின் பட்டும் ஜன்னல் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கை, கலை, குடும்பப் பாரம்பரியம் மூன்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவரும் அலங்காரம் பற்றி வீட்டுப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். கூடவே வரும் படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. வெயில் கொட்டும் பெரிய ஜன்னல், எதிர்ச்சுவரில் சட்டமிட்ட பாட்டியின் பட்டு, பக்கத்தில் தாத்தாவின் புகைப்படம், கீழே வரிசையாகச் செடித் தொட்டிகள். இவை நான்கும் அப்படி ஒரே இடத்தில் இருந்தால் சில ஆண்டுகளில் செடி மட்டுமே மிஞ்சும். உள் அலங்கார வேலையில் இருக்கிறவர்கள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துணி, நீர்வண்ண ஓவியம், வண்ணப் புகைப்படம் ஆகியவற்றின் மீது சுமார் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு) மேல் ஒளி விழாமல் அருங்காட்சியகங்கள் பார்த்துக்கொள்கின்றன. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை விடுவார்கள். நேரடி வெயிலோ பல பத்தாயிரம் லக்ஸ். வெளுத்த சாயம் திரும்பாது. இன்று பட்ட ஒளியின் சேதத்தோடு நாளையதும் சேர்ந்துகொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் போதும் என்று சொல்வதுண்டு. போதாது. கண்ணுக்குத் தெரிகிற ஒளியே சாயத்தை வெளுக்கும்.

அதனால் பெயிண்ட் அட்டையைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு சாக்பீஸ் எடுங்கள். காலை, நண்பகல், மாலை என்று வெயில் எந்தச் சுவரில் எதுவரை ஏறுகிறது என்று கோடு போடுங்கள். பருவம் மாறினால் கோடும் நகரும், ஆகவே இரண்டு முழம் தள்ளியே கணக்கு வையுங்கள். கோட்டுக்குள் செடி, கல், மண்பாண்டம்; கோட்டுக்கு வெளியே துணியும் படமும்.

பட்டு பெரும்பாலும் கெடுவது சட்டமிடும்போதுதான். பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுகிறார்கள். பசை பழுத்து மஞ்சளாகி முன்பக்கம் ஊறி வரும், பிரித்தெடுக்கவும் முடியாது. அமிலமற்ற அட்டையின் மேல், அலசிக் கஞ்சி போக்கிய சாயமில்லாத பருத்தித் துணியை இழுத்துப் போர்த்த வேண்டும். அதன்மேல் பட்டை விரித்து, மெல்லிய ஊசியால் ஓரங்களில் தளர்வாகத் தைக்க வேண்டும். ஊசி இழைகளின் நடுவே நுழைய வேண்டும், இழையைக் குத்தக் கூடாது. கண்ணாடி துணியைத் தொடாதபடி உள்விளிம்பில் 5 மி.மீ. கட்டை வைக்க வேண்டும். தொட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பூக்கும். தொட்டாலே நூல் நூலாகப் பிரிகிற அளவு நைந்த பட்டைத் தொங்கவிடவே வேண்டாம், அதன் எடையே அதைக் கிழிக்கும். பெட்டியில் வைப்பதானாலும் மடிக்காமல் உருளையில் சுருட்டுங்கள். ஜரிகை மடிப்பில்தான் முறியும்.

புகைப்படத்துக்கு நகலே நல்லது. அசலை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து அச்சிட்டு மாட்டுங்கள். அசல் அமிலமற்ற உறையில் இருட்டில் இருக்கட்டும். கண்ணாடியில் ஏற்கெனவே ஒட்டிப்போன பழைய படத்தைப் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யலாம். மாட்டும்போது படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வரும். வெளிச்சுவரானால் சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள்.

சுவர் நிறத்தைத் துணியிலிருந்து எடுப்பது அருமையான யோசனை. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து? ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பழைய அரக்குச் சிவப்பு அப்படியே இருக்கும். வெளியே அது செங்கல் நிறமாக இறங்கியிருக்கும். உள்நிறத்தைச் சுவரில் அடித்தால் துணி அழுக்காகத் தெரியும். வெளுத்த நிறத்தையே எடுத்து, இரண்டடி அட்டையில் பூசி, பகலிலும் விளக்கொளியிலும் துணியருகே பிடித்துப் பாருங்கள். விளக்கு இளமஞ்சள் ஒளி தரும் 2700 முதல் 3000 கெல்வினாகவும், நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்று சொல்லும் குறியீடு (CRI) 90க்கு மேலும் இருக்கட்டும்.

சுண்ணாம்புப் பூச்சு விரும்புகிறவர்கள் எமல்ஷன் (பிளாஸ்டிக் பெயிண்ட்) மேல் பூசாதீர்கள், உரிந்துவிடும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. துளையுள்ள சுவரில்தான் அது பிடிக்கும். சுவரை நனைத்து, பால் பதத்தில், ஒரு நாள் இடைவெளி விட்டு மூன்று நான்கு முறை பூச வேண்டும்.

பழைய கதவையோ பெட்டியையோ மேசையாக்க உப்புத்தாள் எடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. மரத்தில் சிறு துளைகளும் கீழே புதிய மாவும் தெரிந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதைத் தீர்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

செடி விஷயத்தில் தண்ணீர்தான் பெரும்பாலும் எமன். விரலை இரண்டு செ.மீ. விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஈரம் எட்டாதபடி, துணியும் படமும் உள்ள சுவரிலிருந்து தொட்டியை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இனி இத்தகைய அறைகளின் படங்களை வெளியிடும்போது ஜன்னல் எந்தப் பக்கம், சுவரில் இருப்பது அசலா நகலா என்ற ஒரு வரியையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உள் அலங்கார வடிவமைப்பாளர்கள் இருவர்